இடியும் திண்ணையும்

காலையிலே கழுவித் துடைத்த கண்ணாடிபோல் வானம்! நண்பகலிலே கொதிகலம்போல் ஊர்! மூன்று மணிக்கு மேற்கு மலையின் உச்சியிலே ஒரு வெண்பஞ்சுப் பொதி. நான்கு மணிக்கு அந்தப் பொதி கருங்கோட்டை. ஐந்து மணிக்கு அந்தக் கோட்டையிலிருந்து பீரங்கி முழக்கம்! போடிநாயக்கனூரிலே பிறந்து, அதன் புழுதியிலே புரண்டு வளர்ந்த நமக்கு, சித்திரை வைகாசி மாதங்களின் நாட்குறிப்பு இதுதான்.

மழைக்கு முன்னே காற்று வரும். மலையிலிருந்து சரிந்து, முந்தல் சாலையின் புழுதியை வாரிக்கொண்டு, இலவ மரங்களில் வெடித்து நிற்கும் காய்களிலிருந்து பஞ்சைப் பறித்து ஊரெங்கும் பறக்கவிட்டபடி வரும். மாந்தோப்பிலே 'தொப்புத் தொப்'பென்று காய் உதிரும். குத்தகைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். சிறுவர்கள் பை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒருவருக்கு இழப்பு, இன்னொருவருக்குத் திருவிழா! பிறகு மண்மணம். பிறகு, காசளவு பெரிய முதல் துளிகள். பிறகுதான் அது — கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும், காதைப் பிளக்கும் ஓசையும்.

வீட்டுக்கு வீடு அப்போது ஒரு குரல் கேட்கும். "அர்ச்சுனா! அர்ச்சுனா!"

அர்ச்சுனனுக்கும் இடிக்கும் என்ன தொடர்பு என்று நாம் பாட்டியைக் கேட்டதுண்டு. இடி என்பது இந்திரனின் வச்சிரப் படை. அர்ச்சுனன் இந்திரனின் மகன். மகன் பெயரைச் சொன்னால் அப்பன் அடிக்கமாட்டான் என்றார் பாட்டி. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்! ஊர்ப் பெரிய மனிதரிடம் காரியம் ஆகவேண்டுமானால் அவர் பிள்ளையைப் பிடி என்று மண்ணிலே பழகிய மக்கள், அந்தச் சிபாரிசு முறையை விண்ணுக்கும் ஏற்றிவிட்டார்கள். பெயர் சொல்லத் தெரியாத ஆடு மாடுகளும், பெயர் சொல்லியபடியே மாண்ட மனிதர்களும் அந்தக் கணக்கிலே சேர்க்கப்படுவதில்லை.

நாம் இங்கே இந்திரனை எள்ளி நகையாடி இன்பம் காண வரவில்லை, தோழர்களே! ஒரு திண்ணையைப் பற்றிச் சொல்ல வந்தோம். அதற்கு முன்னே மலையைப் பற்றிச் சில சொல்லவேண்டும். மலையை அறியாமல் எங்கள் ஊரின் மழையை அறியமுடியாது.

கோவர்த்தனம் என்ற மலையைக் கண்ணன் குடையாகப் பிடித்து மழையைத் தடுத்தான் என்று கதை படிக்கிறோம். எங்கள் ஏலமலையோ எவர் விரலும் தாங்காமலேயே ஆண்டுதோறும் நான்கு மாதம் எங்களுக்குக் குடை பிடிக்கிறது — நாங்கள் வேண்டாத குடை! ஆனி ஆடியிலே தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மலையின் மேற்குச் சரிவிலே மோதுகிறது. மூணாற்றிலும் பீர்மேட்டிலும் கொட்டு கொட்டென்று கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஏறிவந்த காற்று எங்கள் பக்கம் இறங்கும்போது வெறுங்கையோடு இறங்குகிறது; இறங்க இறங்க வெப்பமடைந்து, இருக்கிற ஈரத்தையும் தன்னுள்ளே ஒளித்துக்கொள்கிறது. போடிமெட்டிலே குடை பிடித்து நிற்பவன், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து முந்தலுக்கு வந்தால் குடையை மடக்கிவிடலாம். அங்கே அடைமழை, இங்கே வெறும் காற்று, மிஞ்சினால் சிறு சாரல்.

ஆகவே, போடிக்கு மழை என்றால் இரண்டு. ஐப்பசி கார்த்திகையில் கிழக்கேயிருந்து வரும் பருவமழை ஒன்று. மற்றொன்று இந்தக் கோடைமழை. முன்னது விருந்தாளி, நாள் குறித்து வருவான். பின்னது வீட்டிலேயே பிறப்பது.

எப்படிப் பிறக்கிறது? எங்கள் பக்கத்துச் சரிவுகள் கிழக்கு நோக்கியவை. விடிந்தவுடன் வெயில் நேரே பாறைமீது விழுகிறது. பாறை சுடுகிறது, பாறையைத் தொட்ட காற்று சுடுகிறது, சூடான காற்று இலேசாகி, சரிவைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அந்தப் பக்கம், கேரளத்துச் சரிவிலே, கடலின் ஈரத்தோடு இன்னொரு காற்று ஏறுகிறது. மலைமுகட்டிலே இரண்டும் சந்திக்கின்றன. பக்கவாட்டிலே போக வழியில்லை, மேலேதான் போகவேண்டும். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ இரண்டு பாகை வெப்பம் குறையும். குளிர்ந்த காற்று தன் ஈரத்தைத் துளிகளாக விட்டுவிடும். துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் அந்தக் காற்றை இன்னும் மேலே தள்ளும். இப்படித் தன்னையே தான் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரம்வரை எழுகிறது அந்தக் கருங்கோட்டை. ஐந்து கிலோமீட்டருக்கு மேலே அதன் வயிறெல்லாம் பனிக்கட்டி! கீழே நாம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்; தலைக்கு மேலே பனியுருண்டைகளும் பனித்துகள்களும் மோதிக்கொண்டிருக்கின்றன. அந்த மோதலிலே இலேசான துகள்கள் நேர்மின்னை ஏந்தி மேலே போகின்றன. கனத்த உருண்டைகள் எதிர்மின்னை ஏந்திக் கீழே தங்குகின்றன. பிரிந்தவை மீண்டும் சேரத் துடிக்கும் துடிப்பே மின்னல். மின்னல் பாயும் தடத்திலே காற்று ஏறத்தாழ முப்பதாயிரம் பாகை கொதிக்கிறது; கதிரவனின் மேற்பரப்பைவிட அய்ந்து மடங்குக்கு மேல்! அந்தக் காற்று வெடித்து விரியும் ஓசையே இடி.

இவ்வளவுதான். வச்சிரமும் இல்லை, வானத்துத் தேர்ச் சக்கரமும் இல்லை. ஆனால், 'இவ்வளவுதான்' என்று சொல்லும்போதே நமக்கு மெய்சிலிர்க்கிறது. இந்திரன் கதையிலே வியப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு கோபக்காரன் ஆயுதத்தை எறிகிறான். அது நம் ஊர்ச் சண்டியர் செய்வதுதான். இதுவோ, வெறும் வெயிலும் ஈரமும் ஒரு மலையும் சேர்ந்து, பகலுக்குள் கட்டி முடிக்கிற பனிக்கோட்டை!

இந்த மழையை நம்பி வாழ்கிறவர்கள் மலையிலும் உண்டு, அடிவாரத்திலும் உண்டு. காப்பிச் செடி மாசி பங்குனியில் மொட்டுக் கட்டிக் காத்திருக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் ஒன்பது பத்து நாளிலே மலையே வெள்ளாடை உடுத்தும். மழை தவறினால் மொட்டு கருகும். ஏலச்செடியோ காப்பியைவிடச் செல்லப்பிள்ளை. நிழலும் ஈரமும் குறைந்தால் தாங்காது. 2024-ஆம் ஆண்டுக் கோடையிலே மழை பொய்த்து வெயில் நீடித்தபோது, இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் வாடிச் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2018 மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணி மலையிலே காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கோடைமழை இன்னும் வந்து சேராத நாட்கள் அவை, புல்லெல்லாம் சருகாக நின்ற நாட்கள். ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய்க்கு ஏலம் போன 2019 ஆகஸ்டையும் வணிகர்கள் மறக்கவில்லை. முந்தைய ஆண்டின் பெருவெள்ளமும் அந்த ஆண்டின் வறட்சியும் சேர்ந்து செய்த விலை அது. காய் பறித்தவளின் கூலி அந்த வேகத்திலே ஏறியதாக நாம் கேள்விப்படவில்லை.

திண்ணைக்கு வருவோம்.

நமக்கு அப்போது பத்து வயது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு சித்திரை. முந்தல் சாலையோரம் நம் பாட்டனார் குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பு. மாவும் இலவும் கலந்த தோப்பு. நடுவிலே நாட்டு ஓடு வேய்ந்த வீடு. வீட்டின் முன்னே நீண்ட திண்ணை, இருபது பேர் படுத்து உறங்கலாம். வீட்டுக்கு எதிரே, களத்தைத் தாண்டி, தனித்து உயர்ந்த ஒரு புளியமரம்.

இலவங்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் தொரட்டியால் அறுத்துத் தள்ள, பெண்கள் பொறுக்கிக் களத்திலே குவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களெல்லாம் சேரியிலிருந்து வந்தவர்கள். அவர்களிலே ஒரு பெண். வயது இருபத்தைந்து இருக்கலாம். நமக்கு அக்காள் வயது. ஆனால் நாம் அவரைப் பெயர் சொல்லி, 'வா, போ' என்றுதான் அழைத்தோம், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அவர் நம்மைச் 'சின்னய்யா' என்றார். பத்து வயதுப் பொடியன் அய்யா! இருபத்தைந்து வயதுப் பெண் 'நீ'! அந்த அநியாயம் அப்போது நமக்கு உறுத்தவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காற்றைப்போல, வெயிலைப்போல, அதுவும் இயற்கை என்றே எண்ணியிருந்தோம்.

நான்கு மணிக்கு மேற்கே இருண்டது. "காய் நனையப் போகிறது! அள்ளுங்கள்!" என்று பாட்டனார் குரல் கொடுத்தார். அள்ளினார்கள். கூடை கூடையாகச் சுமந்து ஓடிவந்தார்கள். திண்ணையின் விளிம்பு வரை வந்து கொட்டினார்கள்; மேலே நின்று வாங்கிக் குவித்தது எங்கள் வீட்டு ஆள். அரை மணியிலே திண்ணை முழுவதும் இலவங்காய்க் குவியல். ஒரு காய்கூட நனையவில்லை.

அந்தப் பெண் கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தார். களத்தின் நடுவிலே வேடிக்கை பார்த்தபடி நின்றிருந்த நம்மைப் பார்த்து, "சின்னய்யா, வெளியே நிற்காதீங்க, இடி விழுகுது. உள்ளே போங்க" என்றார். நாம் உள்ளே போனோம். படியேறித் திண்ணையைக் கடந்து, அறைக்குள்ளே, சன்னலோரம்.

மழை இறங்கியது. பதினொரு பேர் களத்திலே நின்றார்கள். பாட்டனார் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, "நனையாதீர்கள், புளியமரத்தடியிலே ஒதுங்கி நில்லுங்கள்" என்றார்.

அக்கறையோடுதான் சொன்னார். அவர் கொடியவர் அல்லர். கூலியிலே குறை வைத்ததில்லை. அறுப்பு நாளிலே கஞ்சி ஊற்றுவார். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாதி வேலை போதும் என்பார். நல்லவர் என்றுதான் ஊர் சொன்னது. அந்த நல்லவருக்கு, 'திண்ணையிலே ஏறி நில்லுங்கள்' என்று சொல்லத் தோன்றவில்லை. காய்க்கு இடம் உண்டு. காயைச் சுமந்தவளுக்கு இடம் இல்லை! அவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோன்றாதபடி ஆயிரம் ஆண்டுகள் வேலை செய்துவைத்திருக்கிறார்கள்.

அந்த வெளிச்சத்தை இன்றும் கண்ணை மூடினால் காண்கிறோம். ஓசை காதுக்கு வந்ததாக நினைவில்லை. தரை நடுங்கியதுதான் நினைவு. புளியமரத்தின் ஒரு கிளை பிளந்து தொங்கியது. மரத்தடியிலிருந்தவர்கள் நாலாபுறமும் விழுந்து கிடந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். இரண்டு பெண்கள் எழவில்லை. ஒருத்தி கையில் தீக்காயத்தோடு முனகிக்கொண்டிருந்தாள், பிழைத்துக்கொண்டாள். மற்றவர், நம்மை உள்ளே போகச் சொன்னவர்.

உடலிலே பெரிய காயம் ஏதும் இல்லை. தூங்குவதுபோலக் கிடந்தார். யாரும் தொடவில்லை. எழுந்தவர்கள், "தொடாதே, உடம்பிலே இடி இருக்கும், தொட்டவனையும் இழுத்துக்கொள்ளும்" என்று விலகி நின்றார்கள். திண்ணையிலிருந்தவர்கள் விலகி நின்றதற்கு அந்தக் காரணமும் உண்டு, வேறு காரணமும் உண்டு. பாட்டனார் படியின் மேல் ஒரு காலும் கீழ்ப்படியில் ஒரு காலுமாக நின்றார். இறங்கவில்லை. மழையிலே நனைந்தபடி அந்தப் பெண் கிடந்தார், மழை நிற்கும் வரை.

இன்று நமக்குத் தெரிந்ததை அன்று அங்கே ஒருவர் அறிந்திருந்தால்! இடி தாக்கிய உடலிலே மின்சாரம் தங்குவதில்லை, தொடலாம், தூக்கலாம். பல வேளைகளில் நின்றுபோவது இதயமும் மூச்சும்தான். நெஞ்சின் நடுவிலே இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சைக் கொடுத்தால் மீண்டவர்கள் உண்டு. பல பேர் ஒரே நேரத்தில் விழுந்தால், முனகுகிறவரை விட்டு, மூச்சில்லாமல் கிடப்பவரை முதலில் கவனி என்பதே மருத்துவர்கள் சொல்லும் விதி. அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை, யார் சொல்லமுடியும்? பிழைக்க வைக்க ஒரு கை நீளவில்லை என்று மட்டும் சொல்கிறோம். வாயோடு வாய் வைத்து மூச்சைக் கொடுப்பது! தண்ணீரை உயரத்திலிருந்து கையிலே ஊற்றிய ஊரிலே!

பிறகு தீர்ப்புகள் வந்தன. முற்பிறவிப் பாவம் என்றார் ஒருவர். வெள்ளிக்கிழமை, அம்மன் இறங்குகிற மரம், அதனடியில் போய் நின்றால்? என்றார் இன்னொருவர். தாலியறுத்தவள், அவள் நின்ற இடத்திலே அது விழாமல் வேறெங்கே விழும் என்று ஒரு கிழவி சொன்னதையும் கேட்டோம். யாரும், திண்ணையிலே இடம் இருந்ததே என்று கேட்கவில்லை. குருக்கள் வந்தார், மரத்திலே இடி விழுந்தது வீட்டுக்கு ஆகாது என்றார். மரம் வெட்டப்பட்டது. தோப்புக்குப் புண்ணியாகவாசனம் நடந்தது. ஓமம், தானம், தட்சணை எல்லாமாக நூற்றெழுபது ரூபாய். அந்தப் பெண்ணின் தாய்க்கு ஒரு மூட்டை நெல்லும் அய்ம்பது ரூபாயும். அதை வாங்கிக்கொண்டு அந்தத் தாய் களத்திலே விழுந்து கும்பிட்டார், பாட்டனாரை!

நமக்குக் கண் திறந்தது அன்று அல்ல. நாலைந்து ஆண்டுகள் கழித்து, ஊர்ப் படிப்பகத்திலே. கூரைக் கொட்டகை, ஒரு நீண்ட பலகை, இயக்க ஏடுகள், ஒரு தேநீரை இரண்டாகப் பகிர்ந்து குடித்தபடி வாதாடும் அண்ணன்மார். அங்கேதான் பிராங்ளின் பெயரை முதன்முதலில் கேட்டோம். இடி தாழ்வான இடத்தைவிட உயர்ந்த இடத்தையே எளிதில் தேடும். தனித்து நிற்கும் மரத்தடியே வெட்டவெளியிலும் கொடிய இடம் என்று ஒரு கட்டுரையிலே படித்த மாலையில் நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. திண்ணையும் முழுக்காப்பு அல்ல, உள்ளறையே காப்பு என்பது உண்மைதான். ஆயினும் அந்த மரத்தடிக்கும் திண்ணைக்கும் இடையே இருந்த தூரம் முப்பது அடி. அதைக் கடக்கவிடாமல் தடுத்தது இயற்கை அல்ல.

அந்தப் படிப்பகத்திலே தெரிந்துகொண்ட கதை இன்னொன்று உண்டு. இடியைக் கண்டு நடுங்கியது நம் நாடு மட்டும் அல்ல. அய்ரோப்பாவிலே புயல் எழுந்தால் மாதாகோவில் மணியை அடிப்பார்கள். மணியோசை இடியை விரட்டும் என்று மணியின் மேலேயே பொறித்து வைத்திருந்தார்கள். ஊரிலேயே உயர்ந்த கோபுரம். அதற்குள்ளே ஈரக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு ஏழை! 1784-இல் ஜெர்மானிய நாட்டிலே வெளிவந்த ஒரு நூல் கணக்குப் போட்டது: முப்பத்து மூன்று ஆண்டுகளில் இடி விழுந்த கோபுரங்கள் 386, மாண்ட மணியடிப்போர் 103 பேர். விரட்டவேண்டிய இடி, விரட்டப் போனவனைத் தேடி வந்து கொன்றது.

1752 மே 10-ஆம் நாள், பாரிசுக்கு அருகே மார்லி என்ற சிற்றூரிலே, பிராங்ளின் எழுதியபடியே ஓர் இரும்புக் கோலை நட்டு மேகத்திலிருந்து பொறி எடுத்துக் காட்டினார்கள். ஏற்பாடு செய்த தாலிபார் அன்று ஊரில் இல்லை. காவலுக்கு வைத்த ஒரு பழைய படைவீரர்தான் முதற்பொறியைக் கண்டார். அவர் அழைக்க, ஓடிவந்து சோதனையைத் தொடர்ந்தவர் யார் தெரியுமா? அவ்வூர்ப் பாதிரியார்! மறைக்காமல் சொல்கிறோம்; நல்லதை எவர் செய்தாலும் ஏட்டிலே ஏற்றத்தான் வேண்டும். அடுத்த ஆண்டு, உருசிய நாட்டுத் தலைநகரிலே ரிச்மன் என்ற அறிஞர் இதே ஆராய்ச்சியில் இடிபட்டு மாண்டார். உயிரைக் கொடுத்துப் பெற்ற அறிவு அது.

அந்த இடிதாங்கியை மக்கள் மகிழ்ந்து ஏற்றார்களா? பிரான்சிலே சேன்ட் ஓமேர் என்ற ஊரில் விசெரி என்பவர் 1780-இல் தம் வீட்டிலே இடிதாங்கி நட்டார். அக்கம்பக்கத்தார் அலறினார்கள், இடியை வா வா என்று அழைக்கிறான் என்று முறையிட்டார்கள், பிடுங்கிப்போடு என்று ஊராட்சி தீர்ப்புச் சொன்னது. வழக்கு மேலே போயிற்று. 1783-இல், அறிவியலின் பக்கம் நின்று வாதாடி வென்றார் இருபத்தைந்து வயது வழக்கறிஞர் ஒருவர். அவர் பெயர் ரோபஸ்பியர்! மன்னராட்சியின் மணிமுடியை உருட்டப்போகிற மனிதர், முதலில் மூடநம்பிக்கையின் கூரையிலேதான் கை வைத்தார்.

இதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. 2019-ஆம் ஆண்டு, ஏரிகள் வறண்டு சென்னை தண்ணீருக்குத் தவித்த கோடையிலே, மழை வேண்டிக் கோவில்களில் யாகம் நடத்தச் சொல்லி அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பியதை அந்த நண்பர்கள் மறந்துவிட்டார்கள் போலும். அண்டாவிலே தண்ணீர் நிரப்பி, அதில் கழுத்தளவு உட்கார்ந்து வருண செபம்! தண்ணீர்ப் பஞ்சத்துக்குத் தண்ணீரிலே உட்காரும் வைத்தியம்! கழுதைக்கும் கழுதைக்கும் கலியாணம் செய்துவைக்கும் பாமரனையாவது புரிந்துகொள்ளலாம். அவன் கழுதையையும் தன் கைக்காசையும்தான் செலவிடுகிறான்.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. கோபுரக் கலசமே இடிதாங்கி, நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று வாட்ஸ்அப்பிலே வாரம் ஒரு முறை வருகிறது. இடிதாங்கி என்பது உச்சியிலே ஓர் உலோகம் மட்டும் அல்ல, தம்பி! அந்த உச்சியிலிருந்து மண்ணுக்குள் ஆழம்வரை அறுபடாமல் இறங்கும் கம்பி. அந்தக் கம்பிதான் அதன் உயிர். கலசத்திலிருந்து இறங்கும் கம்பி எங்கே? கம்பியில்லாக் கலசம் இடியை அழைக்கும், வழியனுப்பாது. முன்னோர் பெருமை வேண்டுமா? நிறையவே இருக்கிறது. கடல்நீர் முகிலாகி மலையிலே மழையாகும் என்பதைப் பட்டினப்பாலைப் புலவர் துறைமுகத்து ஏற்றுமதி இறக்குமதிக்கு உவமையாக்கினார். மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கே 'கோடை' என்று பெயர் வைத்தார்கள் தமிழர்கள். கண்ணால் கண்டதைக் கணக்காகச் சொன்ன பெருமை அது. அதை விட்டுவிட்டு, செம்புக் கலசத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பானேன்?

மலையின் குடையைப் பற்றிச் சொன்னோம். அந்தக் குடையிலே துளை போட்டவர்களும் உண்டு. மேற்கே ஓடி வீணாய்க் கடலில் விழுந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895-இல் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார் பென்னிகுயிக். யாகம் வளர்த்து அல்ல. கல்லும் சுண்ணாம்பும் சுமந்த ஆயிரக்கணக்கான கூலிகளின் தோளிலே. காய்ச்சலிலும் வெள்ளத்திலும் அங்கே மாண்டவர்களை விரல்விட்டு எண்ண முடியாது. பென்னிகுயிக்கின் படம் இன்று தேனி மாவட்டத்திலே வீட்டுக்கு வீடு தொங்குகிறது. பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். நன்றி நல்லது. கும்பிடு கொஞ்சம் அதிகம் என்பது நம் எண்ணம்.

இடிக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவிலே மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2021-இல் 2,880 பேர். 2022-இல் 2,887 பேர். யார் இவர்கள்? மாடியிலே குளிர்பதன அறையில் இருந்தவர்களா? வயலிலே நாற்று நட்டவள், மேட்டிலே ஆடு மேய்த்தவன், தோட்டத்திலே காய் பறித்தவள், மரத்தடியிலே ஒதுங்கியவன். இடிக்குச் சாதி தெரியாது, தோழர்களே! ஆனால், இடி விழும் நேரத்தில் யார் வெளியே நிற்கவேண்டும், யார் உள்ளே இருக்கலாம் என்பதை முடிவுசெய்கிறவர்களுக்குத் தெரியும். பூமி சூடேறும் காலம் இது. ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்குகிறது. முகிலுக்குத் தீனி கூடுகிறது. வெளியே நிற்பவர்கள் மட்டும் அதே ஆட்கள்.

செய்யவேண்டியது ஒன்றும் மலையைத் தூக்கும் வேலை அல்ல. மின்னலைப் பார்த்தவுடன் எண்ணத் தொடங்கு. ஒலி மூன்று நொடியில் ஒரு கிலோமீட்டர் போகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உள்ளே போய்விடு. கடைசி இடி கேட்ட பிறகும் அரை மணி வெளியே வராதே. முழுவதும் தகரத்தால் மூடிய வண்டி காப்பு; கித்தான் கூரை போட்ட ஜீப்பு காப்பு அல்ல. எங்கே மின்னுகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்ட, புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் உருவாக்கிய 'தாமினி' என்ற செயலி செல்பேசியிலே கிடைக்கிறது. ஆனால் உள்ளே போ என்று சொன்னால், போவதற்கு ஓர் உள் வேண்டுமே! ஏலத்தோட்டத்திலே நூறு ஏக்கருக்கு நடுவே, இடிதாங்கி வைத்த ஒரு கொட்டகை, கதவு திறந்தபடி, யாரும் ஏறலாம் என்ற நிலையில் இருக்கிறதா? சில தோட்டங்களில் இருக்கிறது; பார்த்திருக்கிறோம். பல தோட்டங்களில், பறித்த காயை உலர்த்தும் அறைதான் உறுதியான கட்டடம், அதற்குப் பூட்டு. நம் பாட்டனாரின் திண்ணை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

சென்ற வைகாசியிலே முந்தலில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். மேலே போடிமெட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வளைவுகளில் இறங்கிவந்த ஜீப்புகள் இரண்டு கடையோரம் நின்றன. தோட்டத்திலிருந்து திரும்பும் பெண்கள், சாக்கைத் தலையில் போட்டபடி, இருபதுக்கு மேல் இருக்கும். அவர்களில் பாதிப்பேர் சாலைக்கு அப்பாலிருந்த மரத்தை நோக்கி நடந்தார்கள். நாம் எழுந்தோம். ஆனால் நமக்கு முன்னே, கடைக்காரர் இரண்டு விசுப்பலகைகளையும் வெளியே இழுத்துப்போட்டுவிட்டு, "மரத்தடிக்குப் போகாதீங்கம்மா! எல்லாரும் உள்ளே வாங்க, இடம் காணும்" என்றார். தளம் போட்ட கட்டடம். நெருக்கியடித்துக்கொண்டு எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஈரச் சாக்கு, ஏலக்காய் மணம், தேநீர் ஆவி.

ஒரு மூதாட்டி நம் பக்கத்திலே நின்றிருந்தார். மின்னல் வெட்டியது. "அர்ச்சுனா!" என்று காதைப் பொத்திக்கொண்டார். அவர் பேத்தி போலும், பள்ளிச் சீருடையிலே ஒரு சிறுமி, பாட்டியின் கையைக் காதிலிருந்து இழுத்தாள். "கத்தாதே அப்பத்தா, எண்ணு!"

"என்னத்தடி எண்ண?"

"ஒன்று… இரண்டு… மூன்று…"

கிழவி சிரித்துக்கொண்டே சேர்ந்து எண்ணினார். பக்கத்திலிருந்த பெண்களும் எண்ணினார்கள். நாமும் எண்ணினோம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலே கடையின் கண்ணாடிக் குவளைகள் நடுங்கின.

"மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு" என்றாள் சிறுமி. "மெட்டுக்குக் கீழேதான் இருக்கு. இன்னும் இங்கேதான் நிற்கணும், அப்பத்தா."